நேர் ஆர்மா, வளைந்த ஆர்மா: டிஜே டெக் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பிவிடலாம். பாட்டுகளை மிக்ஸ் செய்வதுதான் உங்கள் வேலை, வீட்டில் அதே டெக்கில் (ரெக்கார்டைச் சுற்றும் டர்ன்டேபிள்தான் டெக்) எல்பியும் போட்டுக் கேட்பீர்கள் என்றால் எஸ் வடிவில் வளைந்த டோன்ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை. நாள் முழுக்க ஸ்க்ராட்ச் (ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துச் சத்தம் எழுப்புவது) மட்டும்தான், அதுவும் லேப்டாப் இல்லாமல் நிஜ ரெக்கார்டில் என்றால் நேரான டோன்ஆர்ம். என்ன செய்யப் போகிறோம் என்றே இன்னும் தெரியவில்லையா, வளைந்ததையே வாங்குங்கள். வளைந்த ஆர்மில் ஸ்க்ராட்ச் கற்றுத் தேறியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நேர் ஆர்ம் டெக்கை எல்பி கேட்பதற்காகவே தேடி வாங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடையில் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "நேர் ஆர்ம் ஊசி குதிக்காது, எஸ் ஆர்ம் சவுண்டு நல்லா இருக்கும்." இது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் வாங்கினால், மூன்று மாதம் கழித்து ஊசி குதிக்கும்போதெல்லாம் ஆர்மைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் குற்றவாளி ஆர்மாக இருக்காது.

ரெக்கார்டை வெட்டும் லேத்தில், வெட்டும் தலை விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. நம் டெக்கில் இருக்கும் ஆர்ம் அப்படிப் போக முடியாது. ஒரு முனையைப் பிவட்டில், அதாவது அது திரும்பும் அச்சில், கட்டிவைத்திருப்பதால் கார் வைப்பர் மாதிரி வளைந்துதான் வீசும், அதனால் ஊசிக்கும் தடத்துக்கும் இடையிலான கோணம் ரெக்கார்டு முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். இதைச் சமாளிக்கும் கணக்கை 1938-இல் லோஃப்கிரென், 1941-இல் பேர்வால்ட் என்று இருவர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. ஊசி பொருத்திய சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜை ஆர்மின் போக்கிலேயே வைக்காமல் உள்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும், ஊசி முனை, ரெக்கார்டின் ஓட்டையில் நுழையும் நடுக்கம்பியான ஸ்பிண்டிலைத் தாண்டிச் சற்று நீண்டிருக்க வேண்டும். இந்தத் திருப்பத்துக்கு ஆஃப்செட் கோணம் என்று பெயர், அந்த நீட்டத்துக்கு ஓவர்ஹேங்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் வந்த டெக், இன்றைக்கும் மற்ற டிஜே டெக்குகளுக்கு அளவுகோல் அதுதான். ஆர்ம் நீளம் 230 மி.மீ., ஓவர்ஹேங் 15 மி.மீ., ஆஃப்செட் 22 டிகிரி. இந்த மூன்றும் சேர்ந்து, 12 அங்குல ரெக்கார்டின் வெளி விளிம்பில் கோணப் பிழையைச் சுமார் இரண்டரை டிகிரிக்குள் பிடித்து வைக்கின்றன, உள்ளே போகப் போக அரை டிகிரிக்குக் குறைந்துவிடும். குழாயை எஸ் போல வளைத்திருப்பது அழகுக்காக இல்லை. அந்த 22 டிகிரித் திருப்பத்தைக் குழாயிலேயே கொடுத்துவிட்டால், முனையில் எந்த நேரான ஹெட்ஷெல்லையும் (கார்ட்ரிட்ஜ் மாட்டும் துண்டு) சொருகித் திருகி மாட்டலாம், கழற்றலாம். இரண்டு பக்கமும் வளைவதால் பாரமும் ஒரு பக்கமாகச் சாயாது. ஜே வடிவில் ஒரே பக்கம் வளைந்த பழைய ஆர்ம்களில் அந்தச் சாய்வைச் சரிக்கட்டத் தனியாக ஒரு சின்ன எடை வைக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். ரெகா, ப்ரோ-ஜெக்ட் மாதிரி ஹைஃபை டெக்குகளிலும் குழாய் நேராகத்தான் இருக்கும், "அதுவும் நேர் ஆர்ம்தானே, அது நல்லாத்தானே பாடுது" என்று கேட்பவர்கள் உண்டு. அதன் நுனியைப் பாருங்கள், ஹெட்ஷெல் மட்டும் உள்பக்கம் திரும்பியிருக்கும். அதாவது கணக்குப்படி அதுவும் எஸ் ஆர்மின் உறவுக்காரன்தான். டிஜே நேர் ஆர்மில் குழாயும் நேர், ஹெட்ஷெல்லும் நேர், ஆஃப்செட் சுழியம். ஊசி ஸ்பிண்டிலைத் தாண்டாது, அதற்கு முன்பே நின்றுவிடும். ஆகவே படத்தைப் பார்த்து முடிவு செய்யும்போது குழாயை விட்டுவிடுங்கள், பிவட்டிலிருந்து ஊசிக்கு மனதுக்குள் ஒரு கோடு போட்டு, கார்ட்ரிட்ஜ் அந்தக் கோட்டிலேயே நிற்கிறதா, திரும்பி நிற்கிறதா என்று பாருங்கள்.

ஸ்க்ராட்ச் செய்யும்போது என்ன நடக்கிறது

இதுதான் விஷயத்தின் உயிர், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ரெக்கார்டு சுற்றும்போது உராய்வு ஊசியைத் தடத்தின் போக்கில் இழுக்கிறது. ஆஃப்செட் உள்ள ஆர்மில் இந்த இழுவை பிவட்டை நோக்கிச் சரியாக அமையாது, கொஞ்சம் விலகி இருக்கும். அந்த விலகலால் ஆர்ம் மையத்தை நோக்கி உள்ளே தள்ளப்படுகிறது. இதற்குத்தான் ஸ்கேட்டிங் என்று பெயர். அதைச் சமன் செய்ய ஆன்டி-ஸ்கேட் என்ற திருகு ஆர்மை வெளிப்பக்கம் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். பாட்டு நேராக ஓடும்வரை இரண்டும் சண்டை போட்டுச் சமாதானமாகிவிடும், பிரச்சினை இல்லை.

இப்போது கையை ரெக்கார்டின் மேல் வைத்துப் பின்னால் இழுங்கள். உராய்வின் திசை அப்படியே தலைகீழாகிறது. ஸ்கேட்டிங் விசை இப்போது வெளியே தள்ளுகிறது. ஆனால் ஆன்டி-ஸ்கேட்டுக்கு நீங்கள் பின்னால் இழுப்பது தெரியாது, அது பாட்டுக்கு வெளியேதான் இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே பக்கம் கூட்டுச் சேர்ந்துவிட்டன. வேகமாகக் கிழிப்பது மாதிரி ஒரு இழுப்பு இழுத்தால், ஊசி தடத்தின் வெளிச்சுவரில் ஏறி அடுத்த தடத்துக்குத் தாவிவிடும். எஸ் ஆர்ம் குதிப்பதாகச் சொல்லப்படும் கதையில் பெரும்பகுதி இந்த ஒரு நிமிஷத்தில்தான் நடக்கிறது. அதனால்தான் ஸ்க்ராட்ச் பழகுபவர்கள் எஸ் ஆர்மில் ஆன்டி-ஸ்கேட்டை முதல் வேலையாகச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

நேர் ஆர்மில் இந்தப் பக்கவாட்டுத் தள்ளல் குறைவு. "ஸ்கேட்டிங்கே கிடையாது" என்று விளம்பரம் மாதிரிச் சொல்வார்கள், அது சரியில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆர்ம் 220 மி.மீ., பிவட்டிலிருந்து ஸ்பிண்டில் 233 மி.மீ. என்று ஒரு நேர் ஆர்மை வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து சுமார் 77 மி.மீ. தூரத்தில் ஒரே ஒரு இடத்தில் ஊசி தடத்துக்குக் கச்சிதமாக நேராக நிற்கும், அங்கே பக்கவாட்டு விசை சுழியம். 100 மி.மீ. தூரத்தில் பார்த்தால் எஸ் ஆர்மில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்கு. வெளி விளிம்பிலோ பாதிக்கு மேல். ஆக, நேர் ஆர்ம் வாங்கினாலும் ரெக்கார்டின் ஓரத்தில் ஸ்க்ராட்ச் செய்தால் அதன் லாபத்தில் பாதியை விட்டுவிடுகிறீர்கள்; நடுப்பகுதியிலும் உள்பகுதியிலும் இருக்கும் சாம்பிள்களை, அதாவது ஸ்க்ராட்சுக்கு எடுக்கும் சின்ன ஒலித்துண்டுகளை, பயன்படுத்துங்கள், வித்தியாசம் கைக்குத் தெரியும்.

அதற்கான விலை சத்தத்தில் போகிறது. அதே கணக்கில் வெளி விளிம்பில் கோணப் பிழை சுமார் 14 டிகிரி. எஸ் ஆர்மின் இரண்டரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹை-ஹாட், பாடகரின் "ஸ்", "ஷ்" இரண்டிலும்தான் இது முதலில் பல் இளிக்கும், மணலைத் தேய்ப்பது போன்ற ஒரு கரகரப்பு. வெளியே தடத்தின் வேகம் அதிகம், வினாடிக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதனால் அங்கே ஓரளவு மன்னிப்பு உண்டு. உள்ளே 60 மி.மீ. பக்கம் அந்த வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அங்கே நேர் ஆர்மின் ஐந்து டிகிரிப் பிழையே காதில் விழும். பழைய எக்கோ லேபிள் இளையராஜா எல்பிகளை யாராவது உங்களிடம் நம்பிக் கொடுத்திருந்தால், தயவுசெய்து ஸ்க்ராட்ச் டெக்கில் ஏற்றாதீர்கள்.

நேர் ஆர்ம் என்று முடிவு செய்துவிட்டால் ஊசி உருண்டை முனையாகவே இருக்கட்டும். நீள்வட்ட முனை தடத்துக்குள் இன்னும் கூர்மையாக உட்காரும், கோணம் பிசகினால் அதுதான் அதிகம் முரண்டு பிடிக்கும். ஸ்க்ராட்ச் கார்ட்ரிட்ஜ்கள் பொதுவாகவே உருண்டை முனைதான் என்பதால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

லேப்டாப் இருந்தால் கதை வேறு

செராட்டோ மாதிரி டிஜே மென்பொருளோடு டைம்கோடு ரெக்கார்டு வைத்து வாசிப்பவர் என்றால், மேலே சத்தத்தைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிடலாம். ரெக்கார்டில் இருப்பது பாட்டே இல்லை, செராட்டோவில் அது 1 கிலோஹெர்ட்ஸ் தொனி. ஊசி அதைப் படித்து வேகம், திசை இரண்டையும் மென்பொருளுக்குச் சொல்கிறது, இசை கோப்பிலிருந்து வருகிறது. நேர் ஆர்மின் கோணப் பிழை உங்கள் ஹை-ஹாட்டைத் தொடவே தொடாது. அதே சமயம் நேர் ஆர்மின் பெரிய பலமும் இங்கே வலுவிழந்துவிடும், ஏனென்றால் ஊசி இருக்கும் இடத்தைப் பார்க்காமல் அசைவை மட்டும் பின்பற்றும் ரிலேட்டிவ் மோடில் வைத்திருந்தால் ஊசி ஒரு தடம் தாவினாலும் பாட்டு தாவாது, இருந்த இடத்திலிருந்தே தொடரும். ஆகவே டைம்கோடு ஆட்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எது நல்ல நிலையில் நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். ரேன் ட்வெல்வ் என்று ஆர்மே இல்லாத டெக்கை 2018-இல் கொண்டுவந்தார்கள், ஃபேஸ் என்ற சின்னக் கருவியை ரெக்கார்டின் மேல் ஒட்டிக்கொண்டால் ஊசியே வேண்டாம். நாம் இவ்வளவு பேசும் ஆர்மை அவர்கள் சத்தமில்லாமல் தூக்கிவிட்டார்கள்.

நிஜ ரெக்கார்டில் பழகினாலும் குதிப்பதற்கு ஒரு மாற்று உண்டு. ஸ்கிப்லெஸ் ரெக்கார்டுகள் என்று விற்பார்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அதற்குள் சரியாக நான்கு பீட் அடங்கும்படி, அதாவது நிமிஷத்துக்கு 133.3 பீட் வேகத்தில், ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்பப் பதிந்து வைத்திருப்பார்கள். ஊசி பக்கத்துத் தடத்துக்குத் தாவினாலும் அங்கேயும் அதே சத்தம், அதே இடம். யாருக்கும் தெரியாது. புது ஆர்ம் வாங்கும் காசில் இது போல எத்தனையோ ரெக்கார்டு வாங்கிவிடலாம்.

நேர் ஆர்மை டிஜேக்களிடம் பிரபலமாக்கியது ஜப்பானின் வெஸ்டாக்ஸ். ஸ்க்ராட்ச் ஆட்களை மனதில் வைத்தே செய்த பிடிஎக்ஸ் வரிசை டெக்குகளில் அதைப் போட்டார்கள், அப்புறம் ஸ்டாண்டன் எஸ்டிஆர்8 வரிசை, இன்னும் பலர். நியூமார்க் டிடிஎக்ஸ் ஒரு படி மேலே போய் இரண்டு ஆர்மையும் பெட்டியிலேயே கொடுத்தது, கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் 1985-இல் தொடங்கிய டிஎம்சி உலக டிஜே போட்டியில் காலம் காலமாக மேடையில் இருந்தது டெக்னிக்ஸ், அதாவது எஸ் ஆர்ம். க்யூபெர்ட், மிக்ஸ் மாஸ்டர் மைக் மாதிரி ஆட்கள் 90-களின் தொடக்கத்தில் பட்டம் வாங்கியது அந்த எஸ் ஆர்மில்தான். குதிக்காமல் வாசிக்க நேர் ஆர்ம் கட்டாயம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். அவர்கள் செய்த வேலை வேறு: டெக்கை 90 டிகிரி திருப்பி வைத்தார்கள், ஆர்ம் எதிர்ப்பக்கம் போய்விடும், கை பாயும்போது இடிக்காது. காசே செலவில்லாத இந்த மாற்றத்தை முதலில் செய்யுங்கள்.

எஸ் ஆர்மை ஸ்க்ராட்சுக்குத் தயார் செய்வது

டெக்னிக்ஸ் வகை ஆர்ம் என்றால், ஹெட்ஷெல்லின் பின்னால் இருக்கும் ரப்பர் வாஷரிலிருந்து ஊசி முனை வரை 52 மி.மீ. இருக்க வேண்டும். ஆர்டோஃபோன் கான்கார்ட் மாதிரி ஒரே துண்டாக வரும் கார்ட்ரிட்ஜில் இந்த வேலையே இல்லை, சொருகித் திருகினால் முடிந்தது. அப்புறம் ஆன்டி-ஸ்கேட்டைச் சுழியத்தில் வையுங்கள், ஊசியின் உறையைக் கழற்றுங்கள், ஆர்மின் பின்முனையில் உள்ள எடையான கவுண்டர்வெயிட்டை முன்னும் பின்னும் திருகி ஆர்ம் காற்றில் சமமாக மிதக்கும் இடத்தைப் பிடியுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், விரலை எடுத்த பிறகு ஆர்ம் மெதுவாக மேலும் கீழும் ஆடி நிற்கும் வரை பொறுங்கள். எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்புங்கள். இனி இரண்டும் சேர்ந்து திரும்பும், கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன கிராம் வரை திருகுங்கள்.

எவ்வளவு கிராம்? கார்ட்ரிட்ஜ் தயாரித்தவர் சொன்ன வரம்பின் மேல் எல்லை. ஷூர் எம்44-7 என்றால் 3 கிராம் வரை (ஷூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது, மாற்று ஊசிகள் ஜப்பானின் ஜைகோவிடம் கிடைக்கும்), கான்கார்ட் ஸ்க்ராட்ச் என்றால் மட்டும் தயாரித்தவர் பரிந்துரைக்கும் 4 கிராமே போதும். எண் வளையத்தை முழுசாக நம்பாமல் ஒரு சின்ன டிஜிட்டல் ஊசித் தராசு வாங்கிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. ஹெட்ஷெல் மேல் நாணயம் ஒட்டுவது, கவுண்டர்வெயிட்டைத் தலைகீழாக மாட்டுவது, ஆர்மின் உயரத்தை உச்சத்துக்கு ஏற்றுவது, இதெல்லாம் பழைய காலத்திலிருந்தே புழங்கும் குறுக்கு வழிகள். ஊசி குதிக்காதுதான், ஆனால் எத்தனை கிராம் அழுத்துகிறது என்று யாருக்கும் தெரியாது, ரெக்கார்டு சீக்கிரமே சாம்பல் பூத்துவிடும்.

ஆர்ம் உயரம் ரெக்கார்டுக்கு இணையாக இருந்தால் போதும்.

இப்போது சோதனை. நடுப்பகுதியில் ஒரு "ஆஹ்" சாம்பிளைப் பிடித்து, ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் முன்னும் பின்னும் பேபி ஸ்க்ராட்ச் செய்யுங்கள், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முடிந்ததும் ஊசி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் நகர்ந்திருந்தால் ஆன்டி-ஸ்கேட் இன்னும் சுழியத்துக்கு வரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். உள்ளே நகர்ந்திருந்தால் டெக் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இங்கும் தாறுமாறாகத் தாவினால், ஊசி தேய்ந்திருக்கலாம், ஊசியில் தூசு உருண்டையாகச் சேர்ந்திருக்கலாம், ரெக்கார்டின் ஓட்டை ஸ்பிண்டிலில் லொடலொட என்று இருக்கலாம். ஓட்டை விஷயத்துக்கு ஸ்பிண்டிலைச் சுற்றி மெல்லிய டேப் ஒரு சுற்று ஒட்டினால் ஆட்டம் போய்விடும். உங்கள் கையையும் கவனியுங்கள், புதிதில் எல்லோரும் ரெக்கார்டைப் பக்கவாட்டில் இழுப்பதோடு கீழேயும் அழுத்துவார்கள், அப்போது தட்டு சாய்ந்து ஊசி தாவும்.

நேர் ஆர்மில் இதே வேலைகள்தான், இரண்டு வித்தியாசம். ஹைஃபைக்காரர்கள் பயன்படுத்தும் கோண அட்டையை எடுக்காதீர்கள், அது ஆஃப்செட் உள்ள ஆர்முக்கானது. கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லில் நேராகப் பூட்டுங்கள், தூரத்தை டெக்கின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். சத்தம் நன்றாக வரட்டும் என்று கார்ட்ரிட்ஜை உள்பக்கம் திருப்பிப் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஓவர்ஹேங் இல்லாமல் திருப்பம் மட்டும் கொடுத்தால் ஓர் இடத்தில் சரியாகி மற்ற இடங்களில் இன்னும் மோசமாகும். இரண்டாவது, பல நேர் ஆர்ம்களில் ஆன்டி-ஸ்கேட் திருகே இருக்காது. பழைய டெக் வாங்கும்போது அதைக் காணோமே, உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது

ஆர்மின் வடிவத்தை விட மோட்டார் முக்கியம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெல்ட் டிரைவ் டெக்கில் நேர் ஆர்ம் இருந்தாலும் ஸ்க்ராட்சுக்குத் தண்டம், மோட்டார் தட்டை நேரடியாகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் மட்டும் பாருங்கள். தொடக்க முறுக்கு விசை பழைய எம்கே2-வில் 1.5 கிலோ-செ.மீ., 2019-இன் எம்கே7-இல் 1.8, பயனியர் பிஎல்எக்ஸ்-1000-இல் 4.5. எண் கூடினால் கையை விட்டவுடன் தட்டு சட்டென்று வேகம் பிடிக்கும், ஆனால் 1.5-லேயே உலகப் பட்டம் வாங்கியவர்கள் இருப்பதால் இந்த எண்ணுக்காக மட்டும் அதிகம் கொடுக்காதீர்கள்.

ஆர்மைச் சோதிக்க டெக்கின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பிவட் இருக்கும் இடத்தில் "டிக்" என்று ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது, விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து ஆர்மைச் சமமாக மிதக்க விட்டு, பக்கவாட்டில் ஊதுங்கள். தடையில்லாமல் நகர வேண்டும். ஓர் இடத்தில் தயங்கி நின்றால் உள்ளே அழுக்கு அல்லது வளைந்த பேரிங். நேர் ஆர்ம் டெக்குகள் பெரும்பாலும் ஸ்க்ராட்ச் ஆட்களிடமிருந்தே வருவதால் இந்தச் சோதனை அவற்றுக்கு இரட்டிப்பாகத் தேவை, எத்தனை முறை கை பட்டு இடிபட்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

உதிரி பாகங்களையும் யோசித்துக்கொள்ளுங்கள். வெஸ்டாக்ஸ் 2014-இல் மூடப்பட்டுவிட்டது, பிடிஎக்ஸ் டெக்கின் ஆர்ம் உடைந்தால் இன்னொரு பிடிஎக்ஸைத்தான் பிரிக்க வேண்டும். டெக்னிக்ஸ் எஸ் ஆர்ம் என்றால் பேரிங், வயர், ஏன் முழு ஆர்மே தனியாக விற்பவர்கள் உண்டு, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அதிகம். விற்பவர் வேறு ஊரில் இருந்தால், தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் இழுத்து ஸ்க்ராட்ச் செய்யும் வீடியோ ஒன்று கேளுங்கள், ஆன்டி-ஸ்கேட் திருகும் எண் வளையமும் அதே ஃப்ரேமில் தெரிய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.